வாயிற்காவலரும் வழி கண்டோரும்

பள்ளியிலே என்ன கற்பிக்க வேண்டும் என்பதைப் பள்ளி ஆசிரியர் முடிவு செய்யவில்லை. பெற்றோர் முடிவு செய்யவில்லை. மாணவனை எவரும் கேட்கவே இல்லை. கல்லூரி முடிவு செய்தது! இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்க நாட்டில் இருந்த நிலைமை இது. துறைமுகத்திலே சுதந்திரத்துக்குச் சிலை எழுப்பிய நாட்டிலா, என்று தோழர்கள் வியக்கக்கூடும். ஆம், அந்நாட்டிலேதான்!

1892ஆம் ஆண்டில் பதின்மர் கொண்ட குழு ஒன்று அமைக்கப்பட்டது, உயர்நிலைப் பள்ளிகளுக்கு உரிய பாடங்கள் யாவை என்று ஆராய. தலைமை ஏற்றவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவர் சார்லஸ் எலியட். அந்தப் பதின்மரில் பள்ளிகளை நடத்தி வந்தவர்கள் எத்தனை பேர்? மூவர்! மற்றவர்கள் கல்லூரித் தலைவர்களும் பேராசிரியரும் கல்வித்துறை ஆணையாளரும். வீடு கட்டுகிறார்கள், குடியிருப்பவனின் குரல் கூட்டத்திலே மூன்றில் ஒரு பங்குகூட இல்லை!

பிறகு வந்தது பணம். இரும்பு ஆலை அதிபர் ஆண்ட்ரூ கார்னகி, கல்லூரிப் பேராசிரியர்களின் ஓய்வூதியத்துக்கென 1905ஆம் ஆண்டில் ஒரு கோடி டாலர் வழங்கினார். நல்ல காரியம்தான். ஆனால் அந்த ஓய்வூதியத்தைப் பெற வேண்டுமானால், கல்லூரி தன்னிடம் சேரும் மாணவனிடம் 14 'அலகு' படிப்பைக் கேட்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கப்பட்டது. அலகு என்றால் என்ன? ஒரு பாடத்தை ஓராண்டில் 120 மணி நேரம் படித்தால் ஓர் அலகு. கிழவர்களின் ஓய்வூதியத்துக்காக ஏற்பட்ட அளவுகோல், சிறுவர்களின் மூளையை அளக்கும் கோலாயிற்று! மாணவன் என்ன அறிந்தான் என்பது கேள்வியன்று. எத்தனை மணி நேரம் பலகையிலே அமர்ந்திருந்தான் என்பதே கணக்கு.

இதற்கிடையில் பள்ளியின் உள்ளடக்கம் மாறிவிட்டிருந்தது. 1890ஆம் ஆண்டில் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் பயின்றோர் ஏறத்தாழ 2 இலட்சம். 1930ஆம் ஆண்டில் 44 இலட்சம்! கொல்லன் மகன் வந்தான், குடியானவன் மகள் வந்தாள், கப்பலேறி வந்த ஏதிலியின் பிள்ளையும் வந்தது. அவர்களில் கல்லூரி வாயிலை மிதித்தவர் ஆறில் ஒருவர் அளவே. அந்த ஒருவருக்காகத் தைத்த சட்டையை அறுவருக்கும் மாட்டினர்!

1930ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், தலைநகர் வாஷிங்டனில், முற்போக்குக் கல்விக் கழகத்தின் மாநாட்டிலே ஏறத்தாழ இருநூறு பேர் கூடினர். எந்தச் சீர்திருத்தத்தை எவர் சொன்னாலும், மறுகணமே ஒரு பதில் எழுந்ததாம்: செய்யலாம்தான், ஆனால் நம் மாணவர் கல்லூரியில் இடம் இழப்பரே! எல்லா வழிகளும் அந்த ஒரு சுவரிலே சென்று முட்டின. அப்போது ஒரு முடிவு பிறந்தது. தனித்தனியே முட்டி மண்டையை உடைத்துக் கொள்வதை விட்டு, பள்ளித் தலைவர்கள் ஒன்றுகூடிக் கல்லூரிகளிடம் பேசினால் என்ன? குழு அமைந்தது. தலைவராக வந்தவர் பல்கலைக்கழகப் பெரியவர் அல்லர். செயின்ட் லூயிஸ் நகரத்துப் பள்ளியொன்றின் தலைமையாசிரியர், வில்போர்டு எய்க்கின்.

அவர்கள் கல்லூரிகளிடம் கேட்டதைக் கவனியுங்கள். சலுகை கேட்கவில்லை, தரத்தைத் தாழ்த்துக என்று மன்றாடவில்லை. ஒரு சோதனைக்கு இடம் கேட்டனர். "முப்பது பள்ளிகளை எங்களிடம் விட்டுவிடுங்கள். 1936ஆம் ஆண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்கு, அந்தப் பள்ளிகளின் மாணவரிடம் இன்ன பாடம், இத்தனை அலகு என்று கேளாதீர்கள். தலைமையாசிரியரின் பரிந்துரையும், மாணவனின் பள்ளி வாழ்வு பற்றிய விரிவான பதிவேடும், ஆற்றலை அறியும் தேர்வின் முடிவும் தருகிறோம். எங்கள் மாணவர் தேறுகின்றனரா, தவறுகின்றனரா என்று கண்டு பிறகு தீர்ப்பளியுங்கள்" என்பதே வேண்டுகோளின் சாரம். முந்நூறுக்கு மேற்பட்ட கல்லூரிகள் இணங்கின.

1933ஆம் ஆண்டு இலையுதிர் காலத்திலே வேலை தொடங்கிற்று. எட்டாண்டு ஆய்வு என்று வரலாறு அதனைக் குறிக்கிறது. சிகாகோ, நியூயார்க், லாஸ் ஏஞ்சல்ஸ், டென்வர், டல்சா எனப் பல நகரங்களின் பள்ளிகள். அரசு பொதுப் பள்ளிகளும் இருந்தன, செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பயிலும் தனியார் பள்ளிகளும் இருந்தன. பின்னதன் விகிதம் சற்று அதிகம் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

விடுதலை கிடைத்தது. கிடைத்ததும் என்ன நடந்தது? ஆர்ப்பரித்து எழுந்தனர் என்று எழுத நமக்கும் ஆசைதான். ஆனால் நடந்தது வேறு. தலைமையாசிரியர்கள் திகைத்தனர்! இந்தச் சுதந்திரத்தை வைத்துக் கொண்டு என்ன செய்வது என்று எங்களுக்கும் எங்கள் ஆசிரியர்களுக்கும் தெரியவில்லை, பூட்டிய விலங்கின் மீதே பாசம் கொண்டுவிட்டோமோ என்று அஞ்சுகிறோம் என்ற பொருள்பட ஒருவர் கூட்டத்திலேயே ஒப்புக்கொண்டார். எய்க்கின் அதை மறைக்காமல் தம் அறிக்கையிலே பதிந்து வைத்தார். கூண்டைத் திறந்து விட்டாலும் கிளி வெளியே வரத் தயங்கும் என்பதை அறிந்தவர்கள்தாம் நாம். ஆனால் கிளியே அதைச் சொல்லிக் கேட்பது அரிது. அந்தப் பெயரறியாத் தலைமையாசிரியரை, எட்டாண்டுச் சோதனையின் வீரர்களில் ஒருவராகவே நாம் மதிக்கிறோம்.

திகைப்பு தீர, கூடிப் பேசுவது ஒன்றே வழியாயிற்று. சில பள்ளிகள் மொழிப் பாடத்தையும் சமூக இயலையும் பிரித்து நிறுத்திய சுவரை இடித்து ஒன்றாக்கின. டென்வர் நகரில், ஒரே ஆசிரியர் ஒரே வகுப்பை நாள்தோறும் நீண்ட நேரம் உடனிருந்து நடத்தும் 'மையப் பாடம்' உருவாயிற்று. வீட்டு வசதி, வேலை, உடல்நலம், குடியாட்சி ஆகியவை பாடப் பொருளாயின. இன்னது படிப்போம் என்று தீர்மானிப்பதில் மாணவரும் பங்கு பெற்றனர். எல்லாப் பள்ளிகளும் இவ்வளவு தூரம் சென்றதாகக் கருத வேண்டாம். பெயருக்கு நாலு மாற்றம் செய்துவிட்டுப் பழைய பாயிலேயே படுத்துக் கொண்டவையும் உண்டு.

1936ஆம் ஆண்டுக் கோடையில், ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் முப்பதுக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் ஆறு வாரம் தங்கினர். சொற்பொழிவு கேட்க அல்ல. தத்தம் பள்ளியில் எழுந்த சிக்கலைக் கையோடு கொண்டு வந்து, அறிஞர் துணையோடு தாமே தீர்வு தேட! தொழிற்கூடத்தில் பொருள் செய்வது போலப் பாடத்தைச் செய்த அந்த ஏற்பாட்டுக்குப் பட்டறை என்று பெயரிட்டனர். பயிலரங்கு, பணிமனை என்றெல்லாம் இன்று நாம் அழைக்கப்படும் கூட்டங்களுக்கு மூத்த பாட்டி இதுதான். பேத்திகளில் பலவற்றில், ஒருவர் பேசுகிறார், நூறு பேர் கொட்டாவி விடுகிறார்கள். பாட்டி கண்டால் வருந்துவாள்!

ஒகையோவில் ரால்ஃப் டைலர் என்ற இளைஞர் இருந்தார். 1934ஆம் ஆண்டில் மதிப்பீட்டுப் பணியை ஏற்றபோது அவருக்கு வயது 32. உங்கள் மாணவர் எப்படிப்பட்டவராக வேண்டும் என்று விரும்புகிறீர்கள், என்று ஆசிரியர்களைக் கேட்டார் அவர். சிந்திக்க வேண்டும், சான்று கண்டு தெளிய வேண்டும், சமுதாய உணர்வு வேண்டும், என்றனர். அப்படியானால், மனப்பாடத்தை மட்டும் அளக்கும் தேர்வை ஏன் நடத்துகிறீர்கள்? பதில் இல்லை! ஆசிரியரோடு அமர்ந்து புதிய அளவைகளை ஆக்கினார். மாணவன் ஒரு கூற்றைக் கேட்டதும் நம்புகிறானா, ஆதாரம் எங்கே என்று தேடுகிறானா என்பதை அறியவும் வினாக்கள் உருவாயின. எதையும் ஏன், எப்படி என்று கேள் என மேடைதோறும் முழங்கும் நமக்கு, அந்தக் கேள்வி கேட்கும் குணத்தையே அளந்து பார்க்க முனைந்த செய்தி இனிக்காமல் வேறு எது இனிக்கும்?

அடுத்து, பள்ளியிலிருந்து வெளியேறியோர் கல்லூரியில் எப்படி விளங்கினர்? இங்கேதான் சோதனையின் நேர்மை தெரிகிறது. முப்பது பள்ளி மாணவர் ஒருவரை எடுத்தனர். அவருக்கு இணையாக, வழக்கமான பள்ளியிலிருந்து அதே கல்லூரிக்கு வந்த இன்னொருவரைத் தேடிப் பிடித்தனர். வயது ஒன்று, பால் ஒன்று, இனம் ஒன்று, ஆற்றல் தேர்வின் மதிப்பெண் ஏறத்தாழ ஒன்று, குடும்ப நிலையும் ஊர்ச் சூழலும் ஒன்று. இப்படி 1,475 இணைகள்! செல்வன் பிள்ளையை ஏழை பிள்ளையோடு நிறுத்தி, பார் எங்கள் பெருமையை என்று கூவும் பித்தலாட்டத்துக்கு அங்கே இடமில்லை.

முடிவு? முப்பது பள்ளி மாணவர் மொத்த மதிப்பெண்ணில் சற்றே மேம்பட்டு நின்றனர். பாடவாரியாகப் பார்த்தாலும், பிறமொழிப் பாடம் நீங்கலாக, அவர்கள் பின்தங்கவில்லை. தெளிந்து சிந்திப்பதிலும், புதிய நிலைமையைச் சமாளிப்பதிலும், நாட்டு நடப்பிலும் உலக நடப்பிலும் அக்கறை காட்டுவதிலும் முந்தினர். வேறுபாடு மலையளவு அன்று. ஆனால் மிகத் துணிந்து மாற்றம் செய்த ஆறு பள்ளிகளின் மாணவரைத் தனியே எடுத்துப் பார்த்தபோது, அந்த வேறுபாடு பெரிதாயிற்று! பழைய பாடத்திட்டம் குலைந்தால் கல்லூரிப் படிப்பே குலையும் என்ற பூச்சாண்டி அன்றோடு புதைந்திருக்க வேண்டும்.

புதையவில்லை. அறிக்கை ஐந்து நூல்களாக 1942, 1943ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. நாடு போரில் இருந்தது. பத்திரிகைகளில் பீரங்கிக்கே இடம். போர் முடிந்து, 1950ஆம் ஆண்டில், கழகத்தின் முன்னாள் இயக்குநர் பிரெடரிக் ரெடஃபர் அந்தப் பள்ளிகளை மீண்டும் ஆராய்ந்தார். சோதனையின் சுவடு மிகச் சிலவற்றிலேயே எஞ்சியிருக்கக் கண்டார். தலைமையாசிரியர் மாறினார், ஆசிரியர் மாறினர், கல்லூரியின் பழைய நிபந்தனை மீண்டது. 1955ஆம் ஆண்டில் முற்போக்குக் கல்விக் கழகமே கலைந்தது.

இவ்வளவும் கூறியபின் ஒரு கேள்வி கேட்காவிட்டால் நாம் நாமாக இருக்க மாட்டோம். கதவைத் தாண்டிய ஆறில் ஒருவனை 1,475 இணைகளாக அளந்தனர். தாண்டாத ஐவரை யார் அளந்தனர்? அதைவிடப் பெரிய கேள்வி: அந்த முப்பதிலே கருப்பின மக்களின் உயர்நிலைப் பள்ளி எத்தனை? ஒன்றுகூட இல்லை!

தென் மாநிலங்களில் வெள்ளையர் பள்ளி வேறு, கருப்பர் பள்ளி வேறு. தென்னாட்டுக் கல்லூரி, பள்ளிகளின் சங்கம் கருப்பினத்தார் நிறுவனங்களை உறுப்பினராகச் சேர்க்க மறுத்தது. கட்டடம் சிறியது, நூலகம் வெறுமை, ஆசிரியர் சம்பளமோ அதே தகுதியுள்ள வெள்ளை ஆசிரியரினும் குறைவு. அந்த அநீதியை எதிர்த்து வர்ஜீனியாவின் நார்ஃபோக் நகரத்து ஆசிரியர் மெல்வின் ஆல்ஸ்டன் தொடுத்த வழக்கிலே 1940ஆம் ஆண்டில் வெற்றி கிடைத்தது.

அதே 1940ஆம் ஆண்டில்தான், கருப்பினத்தாரின் கல்லூரிகளும் உயர்நிலைப் பள்ளிகளும் தமக்கென அமைத்துக் கொண்ட சங்கம், தன் சொந்த ஆய்வைத் தொடங்கிற்று. எட்டாண்டு ஆய்வுக்குப் பெரும்பொருள் ஈந்த ராக்பெல்லர் குடும்பத்தின் பொதுக் கல்வி வாரியம் இதற்கும் உதவியது. பதினைந்துக்கு மேற்பட்ட பள்ளிகள் சேர்ந்தன. முன்னணியில் நின்றவர் வில்லியம் ராபின்சன், அட்லாண்டா பல்கலைக்கழகச் சோதனைப் பள்ளியின் தலைவர். டபிள்யூ. எச். பிரவுன் என்பார் ஆய்வின் இயக்குநரானார். 1946 வரை அது நடந்தது.

இவர்கள் இணைகளைத் தேடவில்லை. எவருக்கும் எதையும் நிரூபிக்கப் புறப்படவில்லை. தம் ஊர், தம் மாணவர், தம் மக்களின் தேவை இவற்றைத் தாமே ஆராய்வது, கண்டதைக் கொண்டு பாடத்தைத் திருத்துவது என்று வகுத்துக் கொண்டனர். ஒரு பள்ளியின் ஆசிரியர் மற்றொரு பள்ளிக்குச் சென்று பார்த்தனர். கோடையிலே கூடிப் பயின்றனர். எந்த ஊரிலே கருப்பன் வாக்களிக்க முனைந்தாலே வேலை பறிபோகுமோ, எந்த ஊரிலே பேருந்தின் பின்னிருக்கையே அவனுக்கு விதிக்கப்பட்டதோ, அந்த ஊரிலே வகுப்பறைக்குள் குடியாட்சியைக் கற்பித்தனர்! எட்டாண்டு ஆய்வின் தலைமையாசிரியர் அஞ்சியது சுதந்திரத்தைக் கண்டு. இவர்கள் சுதந்திரம் இல்லாத இடத்திலே சோதனை நடத்தினர். இரண்டில் எது அரியது என்று நம்மைக் கேட்டால், தயங்காமல் பின்னதைச் சுட்டுவோம்.

ராபின்சனின் பள்ளியில் அந்நாளில் பயின்ற சிறுவர்களுள் ஒருவன் மார்ட்டின் லூதர் கிங். 1942ஆம் ஆண்டில் அந்தப் பள்ளி மூடப்பட்டது. சிறுவன் வேறு பள்ளிக்குச் சென்றான். ராபின்சன் 1945ஆம் ஆண்டில் அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸ் நகரில், கருப்பின மாணவருக்கென இருந்த கார்வர் உயர்நிலைப் பள்ளியின் தலைமையை ஏற்றார்.

1954ஆம் ஆண்டில் நாட்டின் உச்சநீதிமன்றம், பள்ளியிலே இனப் பிரிவினை செல்லாது என்று தீர்ப்பளித்தது. மகத்தான தீர்ப்பு! ஆனால் அதை நிறைவேற்றியவர்கள் யார்? பிரிவினையைக் கட்டிக் காத்த அதே அதிகாரிகள். பிள்ளைகளை ஒன்று சேர்க்கும் நேரம் வந்தபோது, மூடப்பட்டவை பெரும்பாலும் கருப்பினத்தாரின் பள்ளிகள். வேலை இழந்தவர்கள் கருப்பின ஆசிரியர்கள், ஆயிரம் ஆயிரமாக. தலைமையாசிரியராக இருந்தோர் துணை ஆசிரியராகத் தாழ்த்தப்பட்டனர். விளையாட்டுப் பயிற்சியாளராக்கப்பட்டவர்களும் உண்டு. தெற்கு மாநிலங்களில் அவர்கள் ஆறாண்டு பாடுபட்டுக் கண்ட முறைகளை, புதிய பள்ளிகளின் மேலாளர் எவரும் கேட்கவில்லை.

ராபின்சனின் கார்வர் பள்ளி 1954ஆம் ஆண்டிலேயே மூடப்பட்டது. ஆய்வில் பங்கு பெற்ற பள்ளிகளுள் ஒன்றான, தென் கரோலினாவின் கொலம்பியா நகரத்து புக்கர் வாஷிங்டன் உயர்நிலைப் பள்ளி 1974 வரை தாக்குப்பிடித்தது. பின்னர் அந்த இடம் பல்கலைக்கழகத்தின் கைக்குப் போயிற்று. இன்று அங்கே எஞ்சியிருப்பது மாணவர் கூடிய அரங்கம் மட்டும்.