சாணி மெழுகின நிலமும் டைல்ஸ் போட்ட நிலமும்

மட்டக்களப்பில் தரையை நாங்கள் தரை என்று சொல்வதில்லை, நிலம் என்றுதான் சொல்லுவோம். "நிலம் கூட்டு", "நிலத்துக்கு என்ன போட்டிருக்கு?" வயலுக்கும் வீட்டுக்குள் மிதிக்கிற இடத்துக்கும் ஒரே சொல். அது பொருத்தமும்தான். சீமெந்து வருமுன் இரண்டும் ஒரே மண்.

மண்வீட்டு நிலம் போடுவதற்குப் புற்றுமண் அள்ளி வந்து, தண்ணி தெளித்து, மரக்கட்டையால் இடித்து இறுக்குவார்கள். அதற்குப் பிறகு வீட்டுப் பொம்பிளைகளின் வேலை. சாணியைக் கரைத்து, குந்தியிருந்து, உள்மூலையில் தொடங்கிக் கையால் அரைவட்டம் அரைவட்டமாக இழுத்துக்கொண்டு பின்னால் வாசல் வரைக்கும் வர வேணும். சாணியில் இருக்கிற வைக்கோல் நார் வெடிப்புகளைப் பிடித்து வைக்கும். காய்ந்ததும் அந்த விரல் தடங்கள் நிலத்தில் தெரியும். கிழமைக்குக் கிழமை, கலியாணம் பொங்கல் என்றால் கட்டாயம், இது திரும்பவும் நடக்கும். எந்த மூலையில் ஈரம் ஊறுது, எங்கே கறையான் ஏறுது என்பதெல்லாம் மெழுகுகிறவளுக்குத் தெரியும். அவளுடைய கை வாராவாரம் அங்கே போகுது.

அந்த வீடும் பெரும்பாலும் அவளுடையதுதான். இங்கே வீட்டை மகளுக்குச் சீதனமாகக் குடுக்கிறது வழமை. கலியாணம் முடித்து மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வாறார். மூத்தவளுக்கு வீட்டைக் குடுத்துவிட்டு, அடுத்தவளுக்கு இன்னொன்று கட்டத் தொடங்குவார்கள் தாய் தகப்பன். டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் பல காலம் ஆய்வு செய்து 2008இல் வெளியிட்ட புத்தகத்தில் இந்தத் தாய்வழி ஒழுங்கை விரிவாக எழுதியிருக்கிறார். முக்குவர் சட்டம் சட்டப் புத்தகத்தை விட்டுப் போய் நூறு வருசத்துக்கு மேல். வழமை போகவில்லை. ஆகவே எங்கட பக்கத்தில் நிலத்துக்கு என்ன போடுவது என்பது வெறும் அலங்காரக் கதை இல்லை, ஒரு பெண்ணின் சொத்துக் கதை.

சீமெந்து எப்படி வந்தது? 1950இல் காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை தொடங்கியது. உத்தியோகக்காரர் வீடுகளில் சிவப்புச் சாயம் கலந்து மினுக்கின நிலம் வந்தது. மெழுகுகிற வேலை போய், பொலிஷ் பூசித் தேங்காய் மட்டையைக் காலால் தேய்க்கிற வேலை வந்தது. (வேலை குறைந்தது என்று யாரும் சொன்னால் நம்பாதீங்க, கையிலிருந்து காலுக்கு மாறினதுதான்.) படுவான்கரையில் அப்போதும் மண்நிலம்தான் கூட. 1978 நவம்பர் 23ஆம் திகதி அடித்த சூறாவளி மண்வீடுகளையும், அவற்றுக்குக் கிடுகு தந்த தென்னைகளில் பெரும்பகுதியையும் சேர்த்தே விழுத்தியது. அதுக்குப் பிறகு கல்வீடு என்பது வசதிக்கான ஆசையாக மட்டும் இருக்கவில்லை, பயத்திலும் கட்டினார்கள்.

பிறகு யுத்தம். 1990இல் இடம்பெயர்ந்து திரும்பின ஆக்கள் பலர் கூரையில்லாத வீட்டுச் சீமெந்து நிலத்தில் பற்றை முளைத்திருக்கக் கண்டார்கள். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நாவலடியில் சுவர்கள் போய் நிலம் மட்டும் மிஞ்சின வீடுகள் இருந்தன. இது விறாந்தை, இது குசினி என்று அந்த நிலத்தை வைத்துத்தான் அடையாளம் சொல்ல முடிந்தது.

2012இல் தொடங்கின இந்திய வீட்டுத் திட்டத்தில் பெரும்பாலான வீடுகளுக்கு 550,000 ரூபா, கட்டம் கட்டமாக. கட்ட வேண்டியது வீட்டுக்காரரே. யுத்தத்தில் புருசனை இழந்த பெண்கள் மேசன்மாரோடு நின்று சாந்துக் கலவையைப் பார்க்க வேண்டி வந்தது அப்படித்தான். டைல்ஸ் அதற்குள் அடங்காது. டைல்ஸ் அதுக்குப் பிறகு, பெரும்பாலும் மத்திய கிழக்குக்குப் போன காசில் வந்தது.

இங்கேதான் எங்களுக்கு ஒரு கவலை. மெழுகின காலத்தில் நிலம் அவளுடைய கைவேலை. டைல்ஸ் வந்ததும் அது மேசனின் வேலை, தெரிவது கடைக்காரருடையது, பேரம் பேசுவது அண்ணனோ மாமாவோ. உறுதியில் பெயர் உள்ளவள் தேத்தண்ணி ஊத்திக் குடுத்துக்கொண்டு நிற்கிறாள். ஆனால் அவளுக்குத்தான் தெரியும், எந்த மூலையில் ஈரம் ஊறுது என்று.

வாவிக்கரையில் இது சின்ன விசயம் இல்லை. மணல் நிலம், மாரியில் தண்ணி மட்டம் கிணற்றின் வாய் வரைக்கும் ஏறும், அந்தத் தண்ணியில் உப்பும் இருக்கும். மண்நிலம் ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் விடும். டைல்ஸ் விடாது. மூடின ஈரம் இடுக்குகளாலும் சுவரடியாலும் வெளியே வரும், வெள்ளையாக உப்புப் பூக்கும், நாட்பட டைல்ஸ் கிளம்பும். ஆகவே புது வீடென்றால் கொங்கிரீட் போடுமுன் கீழே தடித்த பொலித்தீன் விரிக்கச் சொல்லுங்க. கொங்கிரீட் போட்டு 28 நாளாவது போகட்டும்.

பழைய சிவப்பு நிலத்துக்கு மேலே பதிப்பதென்றால் மேசன் முதலில் அதைக் கொத்த வேணும். வருசக்கணக்காகப் பூசின பொலிஷில் சாந்து ஒட்டாது. இரண்டு மூன்று நாளைக்கு வீடு முழுக்கத் தூசு, அரிசிப் பானைக்குள்ளும் போகும். நிலம் ஒரு அங்குலம் அளவில் உயரும், கதவுகளின் அடியைச் சீவ வேண்டி வரும். அதுக்கு யார் காசு என்று முதலே கதைச்சு வைக்க வேணும், கடைசி நாள் சண்டை பெரும்பாலும் இதில்தான் வருது. போர்சலின் டைல்ஸ் தண்ணி உறிஞ்சுவது மிகக் குறைவு என்பதால் வெறும் சீமெந்துப் பாலில் சரியாகப் பிடிக்காது, அதற்கென்ற பசை வேணும். டைல்ஸுக்கு டைல்ஸ் 2 மில்லிமீற்றராவது இடுக்கு விடட்டும். ஒட்ட ஒட்ட வைத்தால் வடிவுதான், ஆனால் வெயிலுக்கு விரிய இடமில்லாமல் தூக்கும். குளியலறையில் ஒரு வாளி தண்ணி ஊத்தி, அது வடிகுழிக்குப் போகுதா என்று மேசன் நிற்கும்போதே பாருங்க.

பதித்து ஒரு நாள் யாரும் மிதிக்கக் கூடாது. பிறகு ஒரு நாணயத்தால் ஒவ்வொரு டைல்ஸின் நாலு மூலையும் நடுவும் தட்டுங்க. டொக் டொக் என்று வெறுமையாகக் கேட்டால் கீழே சாந்து இல்லை, இடுக்குப் பூசுமுன் கழற்றிப் போடச் சொல்லலாம். "அது பிறகு சரியாகும் மனே" என்று மேசன் சொல்லுவார். ஆகாது.

கணக்கு இப்படி: 10க்கு 12 அடி அறை 120 சதுர அடி. 2க்கு 2 டைல்ஸ் 30 வேணும், வெட்டில் போறதுக்குப் பத்து வீதம் கூட்டினால் 33. பெட்டிக்கு நாலு, ஆகவே 9 பெட்டி. எல்லாம் ஒரே தொகுதி இலக்கமா என்று பெட்டியைப் பார்த்து வாங்குங்க, இல்லாவிட்டால் நிறம் மாறும். மிஞ்சுகிற மூன்றையும் கடைக்குத் திருப்பிக் குடுக்க வேண்டாம். 2020இல் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தபோது அரைகுறையாக நின்ற வீடுகள் அதே டைல்ஸைத் தேடிக் கடை கடையாக ஏறி இறங்கின. கட்டிலுக்குக் கீழே அந்த மூன்றும் கிடக்கட்டும், மகளுக்கு வீட்டை எழுதுகிற நாளில் அதையும் காட்டி விடலாம்.