டிராப்பிஸ்ட் பியர்

டிராப்பிஸ்ட் பியர் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் டிராப்பிஸ்ட் சபைத் துறவிகளால், அல்லது அவர்களது மேற்பார்வையில், மடத்தின் எல்லைக்குள் வடிக்கப்படும் பியர் ஆகும். இப்பெயர் ஒரு குறிப்பிட்ட சுவையையோ செய்முறையையோ குறிப்பதன்று. பியரை யார், எங்கே, எந்நோக்கத்துடன் செய்கின்றனர் என்பதையே குறிக்கிறது. பெல்ஜியத்து மடங்களின் பியர்கள் இவ்வகையில் பெரிதும் அறியப்பட்டவை.

பெயரும் பின்னணியும்

பிரான்சின் நோர்மண்டிப் பகுதியிலுள்ள லா டிராப் மடத்தில் 1664 இல் தொடங்கிய சீர்திருத்தத்திலிருந்து இச்சபையின் பெயர் தோன்றியது. துறவிகள் தம் கை உழைப்பால் வாழவேண்டும் என்பது புனித பெனடிக்டின் ஒழுங்குமுறை. அதன்படி மடங்கள் பாலாடைக்கட்டி, ரொட்டி, பியர் முதலியவற்றைச் செய்து விற்றன. வெஸ்ட்மல்லே மடத்தில் 1836 இலும், ஷிமே பியரைச் செய்யும் ஸ்கூர்மோன் மடத்தில் 1862 இலும் பியர் வடித்தல் தொடங்கியது. ஓர்வால் மடத்தின் இன்றைய பியர் ஆலை 1931 இல் நிறுவப்பட்டது.

பெயர்ப் பாதுகாப்பு

மடங்களுடன் தொடர்பில்லாத நிறுவனங்களும் இப்பெயரைப் பயன்படுத்தியதால் வழக்குகள் எழுந்தன. டிராப்பிஸ்ட் துறவிகள் செய்யும் பியருக்கே இப்பெயர் உரியது என 1962 இல் பெல்ஜியத்தின் கெண்ட் நகர வணிக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1997 இல் எட்டு மடங்கள் இணைந்து பன்னாட்டு டிராப்பிஸ்ட் சங்கத்தை நிறுவின. இச்சங்கத்தின் அறுகோண முத்திரையைப் பெறுவதற்கான நிபந்தனைகள்:

* பியர் மடத்தின் எல்லைக்குள் செய்யப்பட வேண்டும்.
* துறவிகள் செய்யவோ மேற்பார்வையிடவோ வேண்டும். துறவு வாழ்வுக்கு அடுத்த இடமே ஆலைக்கு உண்டு.
* வருவாய் துறவிகளின் வாழ்க்கைச் செலவுக்கும் மடத்தின் பராமரிப்புக்கும் போக, எஞ்சியது அறப்பணிக்குச் செல்ல வேண்டும்.

'மடத்துப் பியர்' என்று மட்டும் குறிக்கப்பட்டவை வேறானவை. அவற்றுட் பல, மடத்தின் பெயரை உரிமம் பெற்றுப் பயன்படுத்தும் வணிக நிறுவனங்களின் தயாரிப்புகள். லெஃப் பியர் இதற்கு எடுத்துக்காட்டு.

துறவிகளின் எண்ணிக்கை குறைந்து வருவதால் முத்திரையின் எதிர்காலமும் கேள்விக்குள்ளாகியுள்ளது. பெல்ஜியத்தின் ஆகெல் மடத்தில் துறவிகள் இல்லாமற்போனதால் அதன் பியர் 2021 இல் முத்திரையை இழந்தது. பியர் மாறவில்லை, செய்விப்போர் மாறினர். அமெரிக்காவின் ஸ்பென்சர் மடம் 2022 இல் தன் ஆலையை மூடியது.

வகைகள்

முளைகட்டிய வாற்கோதுமை (பார்லி மால்ட்), ஹாப்பு, மதுவம் (ஈஸ்ட்), நீர் ஆகியவற்றோடு சர்க்கரையும் பெரும்பாலும் சேர்க்கப்படுகிறது. சர்க்கரை முழுதும் நொதித்துவிடுவதால் ஆல்கஹால் கூடினும் பியர் திகட்டுவதில்லை. புட்டியில் அடைத்த பின்னும் நொதித்தல் தொடர்வதால் அடியில் மண்டி படியும். சில பியர்களின் ஆல்கஹால் அளவு (பருமன் விழுக்காட்டில்):

* ஓர்வால்: 6.2
* வெஸ்ட்மல்லே டுபெல் (கருஞ்செந்நிறம்): 7
* ஷிமே சிவப்பு: 7
* ஷிமே நீலம்: 9
* வெஸ்ட்மல்லே டிரிபெல் (பொன்னிறம்): 9.5
* வெஸ்ட்ஃப்ளேட்டரன் 12: 10.2
* ரோஷ்ஃபோர் 10: 11.3

பெயர்களிலுள்ள 10, 12 ஆகிய எண்கள் ஆல்கஹால் விழுக்காட்டைக் குறிப்பன அல்ல.

ஒப்பிட்டுச் சுவைத்தல்

இப்பியர்களை வீட்டில் அருகருகே வைத்து ஒப்பிடும் வழக்கம் பல நாடுகளில் உள்ளது. அகன்ற வாயுள்ள கிண்ணக் குவளையில், கடுங்குளிர்ச்சியின்றி 10 முதல் 14 பாகை செல்சியசில் ஊற்றுவர். மிகுந்த குளிர் மணத்தை மறைத்துவிடும். செறிவு குறைந்ததிலிருந்து மிகுந்ததற்குச் செல்வது முறை. மண்டியைப் புட்டியிலேயே விட்டுவிட்டு, பின்னர் சிறிது கலந்து வேறுபாட்டைக் காண்பதும் உண்டு.

டுபெலில் உலர்திராட்சை, கருக்கிய சர்க்கரை ஆகியவற்றின் மணமும், டிரிபெலில் பழ மணமும் கசப்பும் முந்தி நிற்கும். ஓர்வாலில் பிரெட்டனோமைசிஸ் என்னும் மதுவம் சேர்க்கப்படுவதால், புதிய புட்டியில் ஹாப்பின் மணமும், சில மாதங்கள் கழிந்த புட்டியில் உலர்ந்த, தோல் போன்ற மணமும் தோன்றும். இவ்வொப்பீட்டில் எல்லாவற்றுக்கும் பொதுவான 'டிராப்பிஸ்ட் சுவை' எதுவும் கிடைப்பதில்லை.

அளவு இங்கு முதன்மையானது. ஷிமே நீலத்தின் 330 மில்லிலீட்டர் புட்டி ஒன்றில் ஏறத்தாழ 23 கிராம் ஆல்கஹால் உள்ளது. ஆறு பியர்களை 60 மில்லிலீட்டர் வீதம் சுவைத்தாலும் உட்கொள்ளும் அளவு ஏறத்தாழ அதுவே. எனவே ஒரு புட்டியைப் பலர் பகிர்வதே வழக்கம். பாதுகாப்பான மது அளவு என ஒன்றில்லை என்று உலக சுகாதார அமைப்பு 2023 இல் அறிவித்தது. தமிழ்நாட்டில் மது அருந்துவதற்கான குறைந்தபட்ச வயது 21.

இந்தியத் தொடர்பு

ஷிமே பியரைச் செய்யும் ஸ்கூர்மோன் மடத்தின் துறவி பிரான்சிஸ் மாகியூ, பெனடிக்டின் துறவி பீட் கிரிஃபித்சுடன் இணைந்து 1958 இல் கேரளத்தின் வாகமண் மலையில் குரிசுமலை ஆசிரமத்தை நிறுவினார். கிரிஃபித்ஸ் 1968 இல் தமிழ்நாட்டில் குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியிலுள்ள சாந்திவனம் ஆசிரமத்துக்குச் சென்று அதன் தலைவரானார். குரிசுமலை 1998 இல் டிராப்பிஸ்ட் சபையில் முறைப்படி இணைந்தது.

குரிசுமலையில் பியர் வடிக்கப்படவில்லை. துறவிகள் காவியுடுத்தி, புலால் நீக்கி, மாடு வளர்த்துப் பால் விற்று வாழ்ந்தனர். ஸ்கூர்மோனில் பியர் ஆற்றிய பணியை இங்கு பால் ஆற்றியது. இரண்டுக்கும் அடிப்படை, கை உழைப்பால் வாழவேண்டும் என்னும் ஒரே ஒழுங்குமுறையாகும்.