பயிற்றுவித்தவர் பயின்ற வரலாறு

ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்த மாணவனின் பெயர் பாடசாலைச் சஞ்சிகையில் அச்சேறுகிறது. அவனுடைய கால்களுக்கு வலுவையும் மூச்சுக்கு நீளத்தையும் ஆண்டுக்கணக்காகச் சேர்த்துக் கொடுத்தவரின் பெயர் சிலவேளைகளில் அதன் கீழே இடம்பெறுகிறது. ஆனால் அவர் அந்த வித்தையை எவரிடம் கற்றார், கற்றதை எவ்வாறு விருத்தி செய்துகொண்டார் என்பதை எழுதிவைத்த ஏடு எதுவும் வன்னிப் பெருநிலத்தில் எளிதிற் கிடைப்பதில்லை. உடல்வலுப் பயிற்றுநர் என்று இக்காலத்தில் வழங்கப்படுபவர், எந்த ஆட்டத்துக்கும் ஆதாரமான பலம், வேகம், தாங்குதிறன் ஆகிய மூன்றையும் கிரமமாக வளர்த்து, வீரனுடைய தேகத்தைக் காயத்தினின்றும் காப்பவர். இத்தொழிலின் பெயர் புதிது. தொழிலோ மிகப் பழையது. முக்கியமாகக் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்ற மூன்று மாவட்டங்களில் இன்று அடங்கும் இப்பிரதேசத்தில் அது நடந்துவந்த வழியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய வன்னியில் தேகபலத்தை உயிரோடு பிணைத்து வைத்திருந்த தொழில் யானை பிடித்தல். 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் போர்த்துக்கேயர் கைப்பற்றிய பின்னரும், 1658 இல் அது ஒல்லாந்தர் வசமான பின்னரும், வன்னியின் குறுநிலத் தலைவரான வன்னியர்கள் தம் திறையை யானைகளாகவே செலுத்தி வந்தார்கள் என்பதும், காட்டிற் பிடிபட்ட விலங்குகள் ஆனையிறவுக் கடலேரியைக் கடந்து யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, கோல்கொண்டா முதலிய தேசங்களிலிருந்து வந்த வணிகருக்கு விற்கப்பட்டன என்பதும் யாவரும் அறிந்த செய்திகள். இவ்யானைகளைப் பிடித்தவர்களுள் பணிக்கர் எனப்பட்டோர், பெரும்பாலும் சோனகக் குடியினர். அவர்களைப் பற்றி எமேர்சன் தெனன்ற் 1859 இல் வெளியிட்ட தமது இலங்கை வரலாற்று நூலில் வியந்து எழுதியிருக்கிறார். இருவர் மட்டுமே துணையாளின்றிக் காட்டினுட் புகுவர்; அவர்களிடம் இருந்த ஆயுதம் மரைத்தோலாலோ எருமைத்தோலாலோ முறுக்கிய வார்க்கயிறு ஒன்றே; சுவட்டைத் தொடர்ந்து ஓசையின்றி யானையின் பின்னால் நெருங்கி, நின்ற நிலையில் அது காலை முன்னும் பின்னும் ஆட்டும் தருணம் பார்த்துப் பின்காலிற் சுருக்கை மாட்டி, கயிற்றின் மறு தலைப்பை அருகிலுள்ள மரத்திற் சுற்றிவிடுவர்.

இங்கே வேண்டப்பட்ட பலம் எத்தகையது என்பதைச் சற்று நின்று நோக்குதல் தகும். பெரும் பாரத்தைத் தூக்கும் பலம் மாத்திரம் இத்தொழிலுக்குப் போதாது. முழந்தாளை மடித்து நெடுநேரம் அசையாதிருக்கும் பொறுமை, ஒரு கணத்திற் கையை வீசும் வேகம், வீசியபின் மரத்தை நோக்கிப் பாயும் ஓட்டம், இவ்வளவுக்கும் மேலாக மூச்சைத் தன் வசத்தில் வைத்திருக்கும் சித்தம் ஆகிய எல்லாம் ஒரே தேகத்திற் கூடியிருக்க வேண்டும். இன்றைய பயிற்சி நூல்கள் இவற்றைத் தனித்தனி அத்தியாயங்களாகப் பிரித்து வைத்திருக்கின்றன. பணிக்கருடைய வித்தை ஏட்டில் ஏறாமல், பரம்பரையாகக் குடும்பத்துள்ளே கைமாறி வந்தது. தகுதி பெற்றவன் யார் என்பதைக் காடே தீர்மானித்தது. தவறாகக் கற்பித்தவனும் தவறாகக் கற்றவனும் அக்காட்டில் நீடித்திருக்க முடியாது. ஆயினும், எழுதப்படாமையாலும் ஒரு சில குடிகளுக்குள்ளேயே அடங்கியிருந்தமையாலும், யானை வாணிகம் அருகியபோது அவ்வித்தையும் அருகி, பின்வந்த பயிற்றுநர் எவருக்கும் பயன்படாது போயிற்று. வன்னியின் இழப்புகளை எண்ணுவோர் இதனையும் அவற்றுட் சேர்த்தல் வேண்டும் என்பது என் துணிபு.

இதற்கு மாறாக, ஊர் முழுவதற்கும் உரியதாய் வளர்ந்த இன்னொரு பயிற்சி மரபு கூத்தினுடையது. முல்லைத்தீவுப் பகுதியிற் சிறந்து விளங்கிய கோவலன் கூத்து, வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் வழிபாட்டோடு இயைந்த கதையை விடியுமளவும் ஆடிக் காட்டுவது. காலபோக வெள்ளாண்மை அறுவடையான பின் இரவுகளில் இளைஞரைக் கூட்டி ஆட்டம் பழக்கும் அண்ணாவியார், முதலில் வெறுங்காலால் மெல்லிய தாளத்துக்கு அடிவைக்கச் செய்து, பின்னர் தாளத்தைத் துரிதப்படுத்தி, ஆட்டத்தோடு பாட்டையும் சேர்த்து, இறுதியிலேயே உடுப்பின் பாரத்தையும் சலங்கையையும் ஏற்றுவார். பாரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுதல், களைத்த உடலுக்கு ஓய்வளித்தல், ஆடும் நாளை மனத்திற்கொண்டு அதற்கு முந்திய மாதங்களைப் பகுத்தல் என்ற இம்முறை, பயிற்சி விஞ்ஞானத்தின் அடிப்படை விதிகளோடு ஒத்திருக்கிறது. அண்ணாவியார் தாமும் முன்பு ஆடியவர். வேறோர் அண்ணாவியாரிடம் மத்தளத்தருகே நின்று பழகியவர். ஆகவே கற்பிப்பவன் கற்றுக்கொண்டே இருத்தல் என்ற நியதி அங்கே எவரும் சொல்லாமலே நிலவியது.

எனினும், வன்னியின் தேகபலத்தைப் பேசுவோர் காய்ச்சலைப் பேசாது விடல் முறையன்று. 1895 இல் ஜே. பி. லூயிஸ் எழுதிய வன்னி மாவட்டங்களின் கைநூலைப் படிப்போர், பாழடைந்த குளங்களையும், மலேரியாக் காய்ச்சலாலும் பறங்கி நோயாலும் மெலிந்து குறைந்துவந்த குடிகளையுமே எங்கும் காண்பர். மண்ணீரல் வீங்கி இரத்தம் வற்றிய சிறுவனுக்கு எந்த அப்பியாசத்தைக் கற்பிப்பது? 1902 இல் தொடங்கி 1920 இல் முடிந்த இரணைமடுக் குளத்தின் வேலையும், 1936 இல் கிளிநொச்சியில் ஏற்பட்ட குடியேற்றமும் உழைப்பாளிகளை இங்கே கொண்டுவந்து சேர்த்தன. ஆனால் அவர்களுடைய உடல் நிமிர்ந்தது 1946 இல் தொடங்கிய டீ.டீ.ரீ. தெளிப்பின் பின்னரே எனலாம். இலங்கை முழுவதிலும் ஆயிரம் பேருக்கு 20.3 ஆக இருந்த இறப்பு வீதம் அடுத்த ஆண்டிலேயே 14.3 ஆக வீழ்ந்தது. மருந்து தெளிக்கும் கருவியை முதுகிற் சுமந்து குடிசை குடிசையாக நடந்த சுகாதாரத் தொழிலாளரை வன்னியின் முதல் உடல்வலுப் பயிற்றுநர் என்று கூறுவது மிகையாகத் தோன்றலாம். நான் அதனை உறுதியாகவே கூறுகிறேன்.

தேகாப்பியாசத்தைக் கற்பிப்பவருக்கென ஒரு கல்லூரி எழுந்தது பாக்குநீரிணைக்கு அப்பால். ஐக்கிய அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் கல்லூரியிற் பயின்று சென்னைக்கு வந்த ஹரி குரோ பக் என்பவர் 1920 இல் அங்கே வை.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார்; 1943 இல் மறையும் வரை அதனை வளர்த்தார். உடற்கூற்றியலும் உடற்றொழிலியலும் கல்லாதவன் பிறருடைய உடலைப் பயிற்றத் தகான் என்ற கொள்கை அக்கல்லூரியின் வழியே தமிழரிடத்து வேரூன்றிற்று. 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய கப்பல், புகையிரதப் பயணத்தைத் தொடர்ச்சியாக்கியிருந்தமையால், இலங்கையிலிருந்தும் மாணாக்கர் அங்கே சென்று பயின்று மீண்டார்கள். யாழ்ப்பாணக் கல்லூரிகளில் அவர்கள் ஊன்றிய முறை, இடமாற்றம் பெற்றுவந்த ஆசிரியர் மூலமாகவே முள்ளியவளை வித்தியானந்தாக் கல்லூரி போன்ற வன்னிப் பாடசாலைகளை எட்டியது. ஆதலின் வன்னிக்கு அவ்வறிவு எப்போதும் இரண்டாம் கையாகவும், சிறிது பிந்தியும் வந்தது. 1916 இல் கொழும்பு வை.எம்.சி.ஏ.யின் உடற்பயிற்சி நெறியாளர் அறிமுகஞ் செய்து, 1991 இல் நாட்டின் தேசிய விளையாட்டாகப் பிரகடனஞ் செய்யப்பட்ட கரப்பந்தாட்டம், அவ்வியக்கத்தின் வழியே வந்து இங்குள்ள ஊர் மைதானங்களில் நிலைத்துவிட்டது.

1958 இல் தோக்கியோ ஆசிய விளையாட்டில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து இலங்கைக்கு முதலாவது ஆசியப் பொற்பதக்கத்தை ஈட்டிய பெரியவிளான் ஊரவரான நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், அப்போது கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் வளாக மாணவர். அங்கே மெய்வல்லுநர் அணியைப் பயிற்றிய எல்வின் டிரேக், வீரர்களின் காயங்களைப் பேணும் பரிகாரியாகவும் ஒருங்கே கடமையாற்றியவர். பாய்ச்சல் முறையும் தேக பரிபாலனமும் ஒருவரிடத்தே கூடிநின்ற அச்சூழலை நம் மாணவன் அடைவதற்குப் பெருங்கடல் ஒன்றைக் கடக்கவேண்டியிருந்தது.

மேல்நாட்டிலும் இத்துறை சாஸ்திரமாக உருவெடுத்தது அண்மைக்காலத்திலேயே; அதன் ஊற்று இராணுவ வைத்தியசாலையில் இருந்தது என்பது வன்னி வாசகர் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. இரண்டாம் உலகப்போரில் முழங்கால் சிதைந்து வந்த போர்வீரர்களுக்குச் சிக்காகோ நகரில் சிகிச்சையளித்த தோமஸ் டிலோர்ம் என்ற வைத்தியர், மெல்லிய அசைவுகளை நெடுநேரம் செய்விப்பதை விடுத்து, பாரத்தைப் படிப்படியாக ஏற்றித் தசையை மீட்கும் முறையை 1945 இல் வெளியிட்டார். ஒருவர் பத்து முறை மாத்திரமே தூக்கக்கூடிய பாரத்தைக் கண்டறிந்து, முதலில் அதன் அரைப்பங்கு, பின்னர் முக்காற்பங்கு, அதன்பின் முழுப்பாரம் என மூன்று சுற்றுக்களாகத் தூக்குவிக்குமாறு பின்னர் அமைந்த அம்முறை இன்றும் பயிற்சிக்கூடங்களில் வாழ்கிறது.

எடை தூக்குவோர் இறுகி மந்தமாவர் என்று விளையாட்டுப் பயிற்றுநர் பலர் நம்பியிருந்த காலத்தில், 1969 இல் நெப்ராஸ்காப் பல்கலைக்கழகம் பொயிட் எப்லி என்ற இளைஞரை வீரர்களின் வலுவை வளர்ப்பதற்கெனவே சம்பளத்துக்கு அமர்த்தியது. அவர் கோலூன்றிப் பாய்பவர். முதுகிற் காயமுற்று எடைக்கூடத்திற் பழகிக்கொண்டிருந்தவர். 1978 இல் அவரது முயற்சியால் 70க்கு மேற்பட்டோர் கூடி ஒரு தேசிய சங்கத்தை அமைத்தனர். 1985 இல் அச்சங்கம் பயிற்றுநருக்கான பரீட்சையைத் தொடங்கிற்று. அப்பரீட்சையிற் சித்தியெய்தியவரும் அத்துடன் அமைந்துவிட முடியாது. மூவாண்டுக் காலத்துக்கு ஒருமுறை தாம் புதிதாகக் கற்றவற்றுக்குச் சான்று காட்டியே தகுதியைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். இவ்வரலாற்றில் நான் மிகவும் மதிப்பது இந்த ஏற்பாட்டையே.

அக்காலத்தில் இங்கே நடந்தது யாது? 1973 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் சங்கங்களை ஒழுங்குபடுத்தியது. முல்லைத்தீவு 1978 இலும் கிளிநொச்சி 1984 இலும் தனி மாவட்டங்களாயின. பயிற்சிக்கும் பயிற்றுநருக்கும் மாவட்டந்தோறும் அடித்தளம் இடவேண்டிய அவ்வேளையிலேயே யுத்தம் மூண்டது. வவுனியாவுக்கு வடக்கே 1990 இல் புகையிரதம் நின்றது. எரிபொருளுக்கும் சீமெந்துக்கும் தடை வந்தது. பாடசாலைகள் மைதானங்களை விட்டு மரநிழல்களுக்கு இடம்பெயர்ந்தன. உலகில் இத்துறையின் அறிவு ஆண்டுதோறும் பெருகிய அம்முப்பதாண்டுகளில், வன்னியின் உடற்கல்வி ஆசிரியர் ஒரு புதிய நூலைக் காணவோ ஒரு பயிலரங்குக்குச் செல்லவோ வழியின்றியே சிறுவர்களை ஓடப் பழக்கினார். 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தபோது உயிரோடு எஞ்சியவர்களிற் பலர் செட்டிகுளம் மெனிக் முகாமில் முட்கம்பிக்குள்ளே இருந்தார்கள். காலை இழந்தவர்கள், குண்டுச்சிதறலை உடலில் தாங்கியவர்கள், வளரும் வயதிற் பசித்திருந்த பிள்ளைகள் ஆகியோரே மீளக் குடியேறிய ஊர்களின் மைதானங்களுக்கு வந்தனர். டிலோர்மின் முறையை உலகில் எந்த மைதானமாவது அறிந்திருக்க வேண்டுமாயின் அது இந்த மைதானமே. ஆயினும் அதனைத் தமிழிற் கற்பிக்கும் வகுப்பு அன்று பக்கத்தில் இருக்கவில்லை.

2013 செப்டெம்பரிற் கிளிநொச்சிக்குப் புகையிரதம் மீண்டது. வட மாகாணத்துக்கான விளையாட்டுத் தொகுதியும் அந்நகரில் எழுந்தது. முல்லைத்தீவின் பிள்ளைகள் குத்துச்சண்டையிலும் மெய்வல்லுநர் போட்டிகளிலும் தேசிய அரங்குக்குச் செல்கிறார்கள். பிரதேச செயலகங்களில் விளையாட்டு உத்தியோகத்தர்கள் கடமை புரிகிறார்கள். ஆனால் மேலும் கற்க விரும்பும் பயிற்றுநர் கொழும்பிலுள்ள தேசிய விளையாட்டு விஞ்ஞான நிறுவகத்தை நாடிச் செல்ல வேண்டும். பயணச்செலவும் விடுமுறையும் மொழியும் அவரை மறிக்கின்றன. ஒரு முறை பெற்ற சான்றிதழைச் சுவரில் மாட்டிவிட்டு அதன்பின் இருபதாண்டு அதே அப்பியாசங்களையே செய்விப்பவரை நாம் குறைகூறுவதற்கு முன், இருபதாண்டும் அவருக்கு வேறு எதனைக் கொடுத்தோம் என்பதை எண்ணிப் பார்த்தல் நியாயம்.

வவுனியா வளாகம் 2021 ஆகஸ்ட் மாதம் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. வன்னியின் மேற்குறித்த மூன்று மாவட்டங்களிலிருந்தும் காலையிற் புறப்பட்டு மாலையில் வீடு திரும்பக்கூடிய தூரத்தில் அது இருக்கிறது. உடற்கல்வி ஆசிரியர், சங்கப் பயிற்றுநர், வைத்தியசாலை இயன்மருத்துவர் ஆகிய மூவரையும் ஒரே வகுப்பில் அமர்த்தி, பாரமேற்றலையும் காய பரிகாரத்தையும் போஷாக்கையும் தமிழிற் கற்பித்து, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அவர்களைத் திரும்ப அழைத்துப் புதியவற்றைச் சேர்க்கும் பாடநெறி ஒன்று அங்கே நடைபெற வேண்டும். அதற்கான தமிழ்ப் பாடநூலை எழுதுவோர், பணிக்கரின் வார்க்கயிற்றையும் அண்ணாவியாரின் சலங்கையையும் முதல் அத்தியாயத்திற் குறித்துவைப்பார்களாக.