ஈறும் மூக்கும்: காம்புள்ள மடலின் வரலாறு

இந்திய மருத்துவ வரலாற்றை எழுதுகையில் எந்த அறுவைமுறையையும் சுஸ்ருதரிடமிருந்து தொடங்கும் வழக்கம் உண்டு. ஈறு இறங்கி வெளிப்பட்ட பல்வேரை மூடும் சிகிச்சை, அவ்வழக்கைச் சோதித்தறிய ஏற்றதொரு களம்.

சுஸ்ருத சம்ஹிதையின் நிதானஸ்தானம் வாய்நோய்களை 65 என வகுத்து, அவற்றுள் 15 நோய்களைப் பல்லடிக்கு உரியனவாக்குகிறது. முதலாவது சீதாதம். அதில் ஈற்றில் திடீரெனக் குருதி வழியும்; ஈறு கறுத்து, மென்மையுற்று, நாறிச் சிதையும். குருதியை வெளியேற்றியபின் சுக்கு, கடுகு, திரிபலை, கோரைக்கிழங்கு ஆகியவற்றின் கஷாயத்தால் வாய் கொப்பளிப்பது அதற்குரிய மருத்துவம். இங்கு நோக்கம் நோயைத் தடுப்பதே. இழந்த ஈற்றை மீட்டமைப்பதன்று.

மீட்டமைப்பு அதே நூலின் சூத்திரஸ்தானத்தில் வருகிறது. ஆனால் அது காதுக்கும் மூக்குக்கும் உரியது. கன்னத்தோலை முற்றும் அறுத்தெடுக்காமல், ஒருபுறம் உடலோடு ஒட்டியிருக்கவிட்டுப் பொருத்துவது அம்முறை. அந்தக் காம்பின் வழியே குருதியோட்டம் தொடரும். 1794 அக்டோபரில் லண்டனின் ஜென்டில்மன்ஸ் மேகசின், புனேயில் காவஸ்ஜி என்பவருக்கு நெற்றித்தோலால் மூக்கு அமைக்கப்பட்ட செய்தியை வெளியிட்டது. ஜோசப் கார்ப்யூ 1814-இல் லண்டனில் அம்முறையைக் கையாண்டு, 1816-இல் நூலாக்கினார்.

ஈற்றின் சிக்கல் வேறு. பல்வேரின் பரப்பில் குருதிநாளம் இல்லை. அதன்மேல் வைக்கப்படும் திசு சுற்றுப்புறத்திலிருந்தே உயிர் பெறவேண்டும். 1956-இல் குரூப்பும் வாரனும் அடுத்த பல்லின் ஈற்றைக் காம்போடு நகர்த்தி வேரை மூடும் முறையை விவரித்தனர். 1960-களில் மேலண்ணத்திலிருந்து முழுதாகப் பிரித்தெடுத்த ஒட்டுத்திசு பயன்பாட்டுக்கு வந்தது. காம்பற்ற அத்திசு வேரின்மேல் பிழைப்பது எளிதன்று. 1985-இல் லாங்கர் இணையர், அண்ணத்தின் இணைப்புத்திசுவை ஈற்றுமடலுக்கு அடியில் வைத்தனர். அடியிலிருந்தும் மேலிருந்தும் அதற்குக் குருதி கிடைத்தது. அதே ஆண்டில் மில்லர் ஈறு இறக்கத்தை நான்கு வகுப்புகளாக்கினார்: பற்களின் இடையிலுள்ள எலும்பும் ஈறும் குன்றாத முதலிரு வகுப்புகளில் வேரை முழுதும் மூடலாம், மூன்றாவதில் ஓரளவே, நான்காவதில் இயலாது.

காம்பு அறாவிடில் திசு பிழைக்கும் என்னும் கொள்கை கன்னத்துக்கும் ஈற்றுக்கும் பொது. ஆயினும் கொள்கை ஒத்திருப்பது மரபுத்தொடர்ச்சிக்குச் சான்றாகாது. புனேயிலிருந்து லண்டனுக்குச் சென்ற மூக்கின் பாதையை ஆவணங்கள் ஆண்டு வாரியாகக் காட்டுகின்றன. அத்தகைய சான்றின்றி ஈற்றறுவையையும் சுஸ்ருதர்மேல் ஏற்றுவது, அவர் உண்மையில் எழுதியதை மறைத்துவிடும். சீதாதத்தைக் கண்டு எழுதிய கூர்மைக்கு இரவல் புகழ் தேவையில்லை.