மாதோட்டத்துக் கல்லும் கொழும்பு நூதனசாலையும்

கொழும்பு நகரைக் காணச் செல்வோர் தவறவிடாத இடங்களுள் ஒன்று கறுவாத்தோட்டத்துத் தேசிய நூதனசாலையாகும். பழம்பொருள்களைப் பேணும் ஒரு நிலையத்துக்கு ‘நூதனம்’ என்னும் சொல்லால் பெயர் வாய்த்தது வேடிக்கையே எனினும், ஈழத்து வழக்கில் அப்பெயர் நிலைத்துவிட்டது. மிருகக்காட்சிச்சாலை, காலிமுகத்திடல், நூதனசாலை என்னும் வரிசை வடபகுதிப் பாடசாலைச் சுற்றுலாக்களுக்கும் பழக்கமானது. மன்னார்ப் பெருநிலத்தின் கரையோரத்திலே, வங்காலைக்குத் தெற்கே, நறுவிலி மரத்தின் பெயரையும் குளத்தின் பெயரையும் ஒருங்கே தாங்கி நிற்கும் நறுவிலிக்குளம் போன்ற சிற்றூர்களிலிருந்து செல்லும் மாணவர்களும் கண்டியரசனின் சிம்மாசனத்தையும் முடியையும் பார்த்துத் திரும்புகின்றனர். அவர்தம் ஊருக்குச் சில மைல் வடக்கேயுள்ள மாதோட்டத்திலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்க் கல்வெட்டும் அந்நூதனசாலைக்கு உரியது என்பது அவர்களுள் எத்தனை பேருக்குச் சொல்லப்படுகின்றது? இக்கட்டுரை எழுதப்படுவதற்கு அவ்வினாவே காரணம்.

நூதனசாலையின் தோற்றம் பலரும் அறிந்தது. வேத்தியல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளை விடுத்த வேண்டுகோளை ஏற்றுத் தேசாதிபதி வில்லியம் கிரகரி அதனை நிறுவினார். சிமிதர் என்னும் கட்டடக் கலைஞர் வரைந்த திட்டத்தின்படி அதனைக் கட்டி முடித்தவர் வாப்பிச்சி மரிக்கார். 1877ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று அது திறந்துவைக்கப்பட்டது. முகப்பிலே நிற்பது கிரகரியின் சிலை. கோப்பிப் பெருந்தோட்டச் செல்வம் உச்சநிலையில் இருந்த காலம் அது. ஆளப்படும் நாட்டின் நிலத்தையும் உயிரினங்களையும் பழம்பொருள்களையும் எண்ணிக் கணக்கிட்டு ஓரிடத்தில் ஒழுங்குபடுத்துவது ஆட்சியின் தேவைகளுள் ஒன்றாயிருந்தது. கல்கத்தாவில் 1814இலும் சென்னையில் 1851இலும் எழுந்த நூதனசாலைகளும் இப்போக்கின் விளைவுகளே. மாகாணங்களிலிருந்து வரியும் விளைபொருளும் தலைநகரை அடைந்த பாதையிலேயே கற்களும் படிமங்களும் சென்றன என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

இனி, அம்மாதோட்டத்துக் கல்லை நோக்குவோம். பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் இராசராசன் படைகள் ஈழத்தின் வடபகுதியைக் கைப்பற்றிய பின்னர் மாதோட்டம் ‘இராசராசபுரம்’ என்னும் பெயரையும் பெற்றது. சோழமண்டலத்துச் சிறுகூற்றநல்லூரைச் சேர்ந்த தாழி குமரன் என்பான் அங்கு ‘இராசராசேசுவரம்’ என்னும் கோயிலை எடுப்பித்தான் என்று அக்கல்வெட்டுக் கூறுகின்றது. கோயில் கட்டினான் என்ற செய்தியோடு நின்றுவிடுவோர் அதன் பயனிற் பாதியை இழப்பர். வைகாசி விசாக விழாவுக்கும் கோயிற் செலவுகளுக்கும் வருவாய் எங்கிருந்து வரவேண்டும் என்பதையும் அது விதிக்கின்றது. நகரத்து நிலமும் மனைகளும் குறிக்கப்படுகின்றன. தறிகளிலிருந்து பெறும் இறை பேசப்படுகின்றது. கடவுளுக்கு எடுத்த கோயிலின் கல்லிலே நெசவாளன் உழைப்பு பதிவாகியுள்ளது. அதே துறைமுகத்துத் திருவிராமீசுவரம் என்னும் கோயிலைப் பற்றிய மற்றொரு கல்வெட்டு, சங்கரபாடியாராகிய எண்ணெய் வணிகரையும் வெற்றிலை வாணியரையும் வாழைக்காய் வாணியரையும் குறிப்பிடுகின்றது. கோயில் அறத்துக்கான காசு இவர்களிடமே ஒப்படைக்கப்பட்டது. அரசர் வரிசையாக மட்டும் வரலாற்றைக் கற்றவர்க்கு இவ்வாணியர் புதியவர். துறைமுக நகரொன்றின் அன்றாட இயக்கம் இவர்களாலேயே நடந்தது.

இக்கல்வெட்டு 1912இல் சென்னைக் கல்வெட்டுத் துறையினராற் படியெடுக்கப்பட்டுப் பின்னர்த் தென்னிந்தியக் கல்வெட்டுகளின் நான்காம் தொகுதியில் இடம்பெற்றது. ஆகவே மாதோட்டத்து வாணியன் தன் ஊரை விட்டுக் கொழும்புக்குச் சென்றான். கொழும்பிலிருந்து சென்னைக்குச் சென்றான். அங்கு நூலாகி, பல்கலைக்கழக நூலகங்களை அடைந்தான். அவன் திரும்பிச் சேராத இடம் மாதோட்டமே.

இத்துறைமுகத்தைத் தனியொரு மொழியினரது உடைமையாகக் காட்ட முயல்வோர்க்கும் சான்றுகள் இடந்தரமாட்டா. தேவார முதலிகளுள் சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் இங்கேயே உள்ளது. மகாவமிசம் இதனை மகாதித்த எனக் குறிக்கும். மன்னார்க் கச்சேரி வளவிற் காணப்பட்ட ஒன்பதாம் நூற்றாண்டுத் தூண் கல்வெட்டின் மொழி சிங்களம். 1887இல் போக் என்னும் அதிகாரியும், 1920களில் ஹோக்காட்டும், 1950 அளவிற் சண்முகநாதனும் இங்கு அகழ்ந்தனர். 1980இலிருந்து 1984வரை கார்சுவெல் தலைமையில் நடந்த விரிவான அகழ்வு சீன மட்கலங்களையும் மேற்காசிய மெருகிட்ட கலங்களையும் மணிகளையும் வெளிப்படுத்தியது. போர்ச் சூழலால் அவ்வகழ்வு நின்றது. அதன் முழு அறிக்கை வெளிவந்தது 2013இலேதான். 2009-10இல் மீண்டும் எடுக்கப்பட்ட மண்ணிலிருந்து மிளகும் ஒரு கராம்பும் கிடைத்தன. கராம்பு மலுக்குத் தீவுகளுக்கு உரியது. கிழக்குக் கடலின் எல்லையிலிருந்து வந்த அச்சிறு பொருள், பல சிம்மாசனங்களைக் காட்டிலும் மிகுதியாக வரலாறு பேசுவது என்பதே எமது கருத்து.

கொழும்பு நூதனசாலையில் இதற்கு இணையான சான்றாகக் காலி மும்மொழிக் கல்லைக் கூறலாம். 1409ஆம் ஆண்டுக்குரிய அக்கல் 1911இற் காலியில் ஒரு மதகின் மூடியாகக் கிடந்து கண்டெடுக்கப்பட்டது. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி அல்லாவுக்கும் காணிக்கைகளைக் கூறுகின்றன. கடல் வாணிகம் வேண்டிய இணக்கத்தை இதனினும் தெளிவாகக் காட்டும் ஆவணம் எம்மிடம் இல்லை.

நறுவிலிக்குளத்துக்குத் தெற்கே, அரிப்புக் கரையில், பார்க்கத்தக்க இன்னொரு சின்னமும் உண்டு. தேசாதிபதி நோத் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துக்குளிப்பைப் பார்வையிடக் கட்டிய ‘டொரிக்’ மாளிகை கடலரிப்பால் இடிந்து வருகின்றது. முத்துப்பார்கள் 1906இல் ஒரு கம்பனிக்குக் குத்தகைக்கு விடப்பட்டன; விரைவிலேயே சிப்பியும் பொய்த்தது. மேற்பார்த்தவனின் வீடு இடிந்த நிலையிலேனும் நிற்கின்றது. மூச்சடக்கிக் கடலில் மூழ்கியவன் கட்டிய குடிசை மீன்பிடிப் பருவம் முடிந்ததும் பிரிக்கப்பட்டுவிட்டது.

பொருள்கள் தம் இடத்துக்கு மீள வேண்டும் என்னும் கோரிக்கை இன்று உலகெங்கும் எழுந்துள்ளது. கண்டியரசனின் சிம்மாசனமும் முடியும் 1934இல் இங்கிலாந்திலிருந்து மீண்டன. 1765இற் கண்டியிலிருந்து ஒல்லாந்தர் கொண்டுசென்ற பீரங்கி உள்ளிட்ட ஆறு பொருள்கள் 2023இல் நெதர்லாந்திலிருந்து கொழும்பு நூதனசாலையை அடைந்தன. கிழக்கு மாகாணத்தில் எடுக்கப்பட்டு 1830இல் பிரித்தானிய நூதனசாலைக்கு வழங்கப்பட்ட தாரா தேவியின் படிமம் இன்றும் இலண்டனிலேயே உள்ளது. இவற்றைக் கேட்பது முற்றிலும் நியாயமே. ஆயின் இலண்டனை நோக்கிக் கொழும்பு கூறும் நியாயம், கொழும்பை நோக்கி மன்னார் கூறும்போது மட்டும் வலுவிழப்பது எங்ஙனம்? ஈரக் காற்றும் உப்பும் கற்களைத் தின்னும் கரையோரத்தில் மூலக் கல்லைப் பேணுதல் இடர்மிக்கது என்பர். அது ஏற்கத்தக்க தடையே. படியெடுப்புக்கும் அச்சுவார்ப்புக்கும் அத்தடை பொருந்தாது. மாதோட்டத்துக் கல்வெட்டுகளின் படிகளை, தமிழிலும் சிங்களத்திலும் தெளிவான வாசகத்துடன், அவை கிடைத்த நிலத்திலேயே வைத்தல் பெருஞ்செலவுக்குரிய பணியன்று. 1990இல் நின்றுபோன தலைமன்னார் இரயில் 2015இல் மீண்டும் ஓடத் தொடங்கியது. கொழும்பிலிருந்து வருவோரும் இறங்கிப் பார்க்கலாம். அங்கே முதலிற் காட்டப்பட வேண்டியவர் எவர் என்று கேட்பின், அரசனுக்கு முன்னே அந்த எண்ணெய் வாணியரையும் தறிகாரரையுமே சுட்டுவோம்.