அண்ணாமலையார் மலையில் புல்லும் தீயும்

திருவண்ணாமலைன்னு சொன்னா கிரிவலம், தீபம், ரமணர்னு வரிசையா வரும். மலைமேல இருக்கிற புல்லைப் பத்தி யாரும் பதிவு போட்ட மாதிரி தெரியல. அதான் இது :-)

சுமார் 800 மீட்டர் உயரமுள்ள இந்த மலை ஒரு காலத்தில் காடு. விறகு, மேய்ச்சல், தீ என்று மரங்கள் போன இடத்தை உயரமான புல் பிடித்துக்கொண்டது. கசக்கினா எலுமிச்சை வாசம் அடிக்கும். கோடையில் காய்ந்துவிட்டால் ஒரு பொறி போதும். தீ போனபிறகு வேரிலிருந்து புல் மறுபடி துளிர்த்துவிடும். சின்ன மரக்கன்று கருகிடும். அதனால் அடுத்த வருஷமும் புல், அடுத்த வருஷமும் தீ.

1988-ல் தொடங்கிய அண்ணாமலை ரீஃபாரஸ்டேஷன் சொசைட்டியும், பின்னாடி வந்த ஃபாரஸ்ட் வே அறக்கட்டளையும் இந்தச் சுழற்சியைத்தான் உடைக்கப் பார்த்தார்கள். கன்று நடுறது பாதி வேலைதான். கோடைக்கு முன்னாடி புல்லைப் பட்டையா அறுத்து தீத்தடுப்புக் கோடு போடணும்; தீ பிடிச்சா மேலே ஏறி அடிச்சு அணைக்கணும்.

அதுக்காக புல்லை வில்லனாக்க வேண்டாம். மரம் வளரும்வரை மண்ணைப் பிடிச்சு வைக்கிறது அதுதான். 2024 டிசம்பர் 1-ல் ஃபெஞ்சல் புயல் மழையில் மலை சரிந்து வ.உ.சி. நகரில் 7 பேர் இறந்தாங்க. அப்படியொரு மழையை வேர் மட்டும் தடுத்திருக்கும்னு சொல்ல வரல. ஆனா வேரே இல்லாத சரிவை நினைச்சா பயமா இருக்கு.

அடுத்த பௌர்ணமிக்குப் போறவங்க, அணையாத பீடியையும் கற்பூரத்தையும் மலைப்பக்கம் போடாதீங்க மக்களே!