மண்ணெண்ணெயில் ஓடிய காலம்

1990 ஜூனில் மறுபடி யுத்தம் மூண்டதும் யாழ்ப்பாணத்துக்குப் பெட்ரோல் வரத்து நின்றது. மின்சாரமும் போயிற்று. மோட்டார் சைக்கிளும் தோட்டத்து இறைப்பு மெஷினும் மண்ணெண்ணெய்க்கு மாறின. அதுவும் யானை விலை.

குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் லேசில் ஆவியாகாது. அதனால் அப்பா, கண்ணுக்கு விடும் மருந்துப் போத்தலில் கொஞ்சம் பெட்ரோலைப் பொன் போலப் பொத்தி வைத்திருப்பார். காபரேட்டருக்குள் நாலு சொட்டுப் பீச்சி உதைத்தால் எஞ்சின் பற்றும். சூடேறிய பிறகு மண்ணெண்ணெய் எரியும். தெரு முழுக்கப் புகை. பிளக்கில் கரி படியும். கழற்றி, சுரண்டி, துடைத்துப் பூட்ட வேண்டும்.

இது நம்மூர்க் கண்டுபிடிப்பென்று பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் தேத்தண்ணியோடு பெருமை பேசுவோம். பாதிதான் உண்மை. 1949இலேயே பிரிட்டனின் ஃபெர்குசன் டிராக்டர் பெட்ரோலில் கிளம்பி, சூடானதும் மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் உழுதது. மருந்துப் போத்தல் மட்டும் நம்முடையது.

புலம்பெயர்ந்த பிறகும் காபரேட்டர் தொல்லை விடவில்லை. நாங்கள் இருக்கும் பாரிஸ் புறநகர் ஸ்தேனில் பெரிதாகப் பனி விழாது. ரொறன்ரோ மச்சான்தான் பனி தள்ளும் மெஷின் ஸ்டார்ட் ஆகவில்லையென்று மார்கழியில் போன் எடுப்பான். போன வருடப் பெட்ரோல் பிசினாகி காபரேட்டரின் ஜெட் துவாரத்தை அடைத்திருக்கும். மெஷின் வைத்திருப்பவர்களே, பனிக்காலம் முடிந்ததும் டாங்கியை வடித்து, காபரேட்டரில் மிச்சம் தீரும்வரை ஓடவிட்டு மூடிவையுங்கள்.